ஆறு வயதுக்கு முன்னே



ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்புகையில், தெருக்கோடியிலுள்ள அங்கன்வாடியின் பூட்டிய கதவைக் கடந்து செல்கிறோம். நம் தாய்மார் வாயில் அது இன்றும் பால்வாடிதான். நம் மழலையர் கன்னியர் நடத்தும் எல்.கே.ஜி.யில் கட்டணம் செலுத்திப் பயில்கின்றனர். கூலி வேலைக்குச் செல்லும் நம் பங்கு மக்களின் குழந்தைகளோ வாரநாள்களில் அக்கதவுக்குப் பின்னேதான் அமர்ந்திருக்கின்றனர். அங்கே என்ன நடக்கிறதென்று நம்மில் எத்தனை பேர் எட்டிப் பார்த்திருக்கிறோம்?

சட்டத்தைச் சற்று நோக்குவோம். 2002-இல் வந்த 86-ஆம் அரசியலமைப்புத் திருத்தம், 6 முதல் 14 வயதினருக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதுக்குட்பட்டோருக்கோ அரசு 'முயலும்' என்பதோடு நின்றுவிட்டது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும், மூன்று வயது நிறைந்தோரின் முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு 'செய்யலாம்' என்கிறது; 'செய்ய வேண்டும்' எனக் கூறவில்லை. ஒரு சொல்லின் வேறுபாடுதான்! ஆயினும், கேட்போர் இல்லாத ஊரில் 'செய்யலாம்' என்பது செய்யாமலே போவதற்கும் இடமளிக்கிறது.

1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அங்கன்வாடிக்கு ஆறு பணிகளை விதித்தது. ஊட்டச்சத்து, தடுப்பூசி, எடை பார்த்தல், பதிவேடு என்று ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் ஓடியாடி முடிப்பதற்குள், கதைக்கும் பாட்டுக்கும் பொழுது எங்கே? பணியாளரைக் குறை கூறுதல் எளிது. அவருக்காகக் குரல் கொடுப்போர்தாம் இல்லை.

மரிய மாந்தேசோரி அம்மையார் 1907 ஜனவரி 6-ஆம் நாள், மூன்று இராஜாக்கள் திருநாளன்று, உரோமை நகரின் சான் லொரென்சோ பகுதியில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். அது உழைப்பாளர் குழந்தைகளுக்கென்றே திறக்கப்பட்டது. இன்று அவர் பெயரைத் தாங்கிய பள்ளிகளின் கட்டணத்தைக் கேட்டால் உழைப்பாளி மயங்கி விழுவான். அது வேறு கதை.

அங்கன்வாடி சிறந்தால் நம் பங்குப் பள்ளியில் சேர்க்கை குறையுமே என்று சிலர் அஞ்சக்கூடும். குறையட்டுமே! அக்குழந்தைகளும் நம் ஞானஸ்நானத் தொட்டியில் நனைந்தவர்களே; நனையாதவர்களும் நம் அயலாரே.

ஆகையால் அன்பியக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். அக்டோபர் 2 கிராம சபையில், மாற்றுச் சமயத் தாய்மாரையும் சேர்த்துக்கொண்டு, தீர்மானம் கேளுங்கள். அதற்கு முன், ஒரு வேலைநாளின் காலை பத்து மணிக்கு அக்கதவைத் தட்டி உள்ளே சென்று பாருங்கள். குழாயில் நீர் வருகிறதா, பாய்கள் போதுமா, விளையாட்டுப் பொருள்கள் குழந்தைகளின் கையில் இருக்கின்றனவா, அன்றி அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கின்றனவா என்று குறித்து வாருங்கள்.