சேவலுக்கு எதிரே ஒரு சிறுத்தை

ஒவ்வொரு அமெரிக்க அதிபர் தேர்தல் முடிந்த மறுநாளும் ஒரு விசாரணை தொடங்கிவிடும். கறுப்பர் ஓட்டு எங்கே போச்சு? போன தடவை போட்ட அளவுக்கு இந்தத் தடவை ஏன் போடலை? 2016இல் இப்படித்தான் கேட்டார்கள். 2024இல் ஓட்டுப் போடுவதற்கு முன்பே கேட்டார்கள். அந்த அக்டோபரில் பிட்ஸ்பர்க் நகரில் ஒபாமாவே கறுப்பின ஆண்களைக் கடிந்துகொண்டார். ஒரு பெண்ணை அதிபராக்க மனசு வரலையோ என்கிற தோரணை. பிறகு வந்த கணிப்புகள் சொன்னது என்ன? கறுப்பர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் கமலா ஹாரிசுக்கே போட்டிருந்தார்கள். வெள்ளையர்களில் பாதிக்கு மேல் ட்ரம்புக்குப் போட்டிருந்தார்கள். ஆனால் கூண்டில் ஏற்றப்பட்டது யார்?

இந்தக் குரல் நமக்கொன்றும் புதுசு இல்லை. தேர்தல் முடிஞ்சதும் ஊர்த்தெரு டீக்கடையில் கேட்கிற குரல்தான். "சேரி ஓட்டு மொத்தமா விலை போயிருச்சுப்பா." ஊர்த்தெரு ஓட்டு மாறினால் அது அலை, அதிருப்தி, மக்கள் தீர்ப்பு. சேரி ஓட்டு மாறினால் அது பிரியாணிப் பொட்டலம், குவார்ட்டர் பாட்டில். மாறாமல் இருந்தாலும் விடுவதில்லை. அதற்கு 'வோட்டு வங்கி' என்று பேர். வங்கிக்கென்று வாயும் கிடையாது, வயிறும் கிடையாது. எவனோ போட்டு வைப்பான், எவனோ எடுத்துக்குவான். ஒரு சனத்தைப் பார்த்து இதைவிடக் கேவலமாக ஒரு வார்த்தை சொல்ல முடியுமா?

அமெரிக்காவில் ஒரு அதிபர் தேர்தலுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஓட்டு மாறிய வரலாற்றை, ஓட்டுப் போட்டவன் பக்கம் நின்று ஒருமுறை பார்ப்போம்.

அடிமைத்தளையை அறுத்த லிங்கனின் கட்சி என்பதால் கறுப்பர்கள் இரண்டு தலைமுறைக்கும் மேல் குடியரசுக் கட்சிக்கே போட்டார்கள். 1932இல் நாடு பட்டினியில் கிடந்தபோதும் பெரும்பான்மைக் கறுப்பர் ஓட்டு அங்கேதான் விழுந்தது. அந்தத் தேர்தலின்போது பிட்ஸ்பர்க் கூரியர் பத்திரிகையின் ஆசிரியர் ராபர்ட் வான் என்ற கறுப்பர், லிங்கன் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள், பட்ட கடன் தீர்ந்துபோச்சு என்ற பொருளில் பேசினார். 1936இல் பத்துக்கு ஏழு பேர் ரூஸ்வெல்ட்டுக்குப் போட்டார்கள். அவர் என்ன பெரிய விடுதலை வீரரா? கறுப்பர்களை மரத்தில் தொங்கவிடும் கும்பல்களுக்கு எதிரான மசோதாவுக்குத் துணை நிற்காதவர். அவருடைய 1935ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டம் விவசாயக் கூலிகளையும் வீட்டுவேலைக்காரர்களையும் வெளியே தள்ளியது. அந்த வேலைகளைச் செய்தவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் நிவாரணத்தில் கொஞ்சம் கையில் வந்தது. இது விலைபோனதா, கணக்குப் பார்த்ததா?

1956இல் குடியரசுக் கட்சியின் ஐசனோவருக்குப் பத்துக்கு நாலு கறுப்பர்கள் போட்டிருக்கிறார்கள். ஒரே பக்கம் கட்டிக் கிடந்த மந்தை அல்ல அது. 1960 அக்டோபரில் மார்ட்டின் லூதர் கிங்குக்கு நாலு மாதக் கடுங்காவல் விதித்தார்கள். கென்னடி கிங்கின் மனைவியோடு தொலைபேசியில் பேசினார். நிக்சன் வாய் திறக்கவில்லை. நிக்சனை ஆதரித்திருந்த கிங்கின் தகப்பனார் அந்த நிமிசமே மாறினார். கறுப்பர்களின் சர்ச்சுகளில் துண்டறிக்கை பறந்தது. நாடு முழுக்க 1 லட்சத்துச் சொச்சம் ஓட்டு வித்தியாசத்தில் கென்னடி ஜெயித்தார். அப்போதும் நிக்சனுக்கு 32 சதவீதக் கறுப்பர்கள் போட்டார்கள். அடுத்த தேர்தலில், 1964இல், அதே கட்சிக்கு விழுந்தது 6 சதவீதம். நாலே வருசம். காரணம் தெளிவு. அந்தக் கட்சி வேட்பாளர் கோல்ட்வாட்டர் அந்த வருசத்துக் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டவர். கறுப்பன் மாறவில்லை. கட்சி மாறியது.

இனி பெரிய மாற்றத்தைப் பார்ப்போம். மிசிசிப்பி மாநிலம் 1936இல் ஜனநாயகக் கட்சிக்கு 97 சதவீத ஓட்டுப் போட்டது. 1964இல் அதே மாநிலம் கோல்ட்வாட்டருக்கு 87 சதவீதம் போட்டது. இது யார் ஓட்டு? அந்த வருசம் மிசிசிப்பியில் தகுதியுள்ள கறுப்பர்களில் 7 சதவீதம் பேர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. அத்தனையும் வெள்ளை ஓட்டு. கறுப்பனும் மனுசன் என்று ஒரு சட்டம் வந்ததற்காக, தலைமுறை தலைமுறையாக இருந்த கட்சியை ஒரே நாளில் உதறிய ஓட்டு. அந்த 1964க்குப் பிறகு இன்றுவரை எந்த ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளரும் வெள்ளையர் ஓட்டில் பெரும்பான்மை வாங்கியதில்லை. ஒபாமாகூட வாங்கவில்லை. அமெரிக்கத் தேர்தல் வரலாற்றின் பெரிய ஓட்டு மாற்றங்களில் ஒன்று இது. இதை யாராவது 'வெள்ளை வோட்டு வங்கி' என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

கறுப்பர்களின் விசுவாசத்துக்குக் கிடைத்த கூலியையும் பார்க்கணும். ஃபேனி லூ ஹேமர், பருத்திப் பண்ணையில் பதினெட்டு வருசம் உழைத்தவர். 1962இல் தன் பேரைப் பட்டியலில் சேர்க்கப் போனார். மாநில அரசியல் சட்டத்திலிருந்து ஒரு பகுதியைக் கொடுத்து விளக்கம் எழுதச் சொன்னார்கள். அன்றைக்கே பண்ணையார் அவரை வெளியேற்றினான். 1963இல் சிறையில் அடித்தே உடம்பைக் குலைத்தார்கள். 1964 ஆகஸ்ட்டில் அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சி மாநாடு. மிசிசிப்பியிலிருந்து முழுக்க வெள்ளையர்களே பிரதிநிதிகளாக வந்தபோது, 'மிசிசிப்பி விடுதலை ஜனநாயகக் கட்சி' என்று தனியே அமைப்புக் கட்டிக்கொண்டு ஹேமரும் தோழர்களும் போய் நியாயம் கேட்டார்கள். அவர் பேசுவது தொலைக்காட்சியில் ஓடக்கூடாது என்று அதிபர் ஜான்சன் அவசரமாகப் பத்திரிகையாளர் சந்திப்பு வைத்தார். கடைசியில் கட்சி சொன்ன சமரசம்: இரண்டு இடம் தருகிறோம். அந்த இரண்டில் யார் உட்காருவது என்பதையும் நாங்களே சொல்லுவோம். ஹேமர் அதில் இல்லை. அவர்கள் மறுத்தார்கள்.

நமக்கு இது தெரிந்த கதை அல்லவா? 1932 ஆகஸ்ட்டில் நமக்குத் தனி வாக்காளர் தொகுதி, 71 இடம் என்று அறிவிப்பு வந்தது. செப்டம்பரில் எரவாடா உண்ணாவிரதம். புனா ஒப்பந்தத்தில் 71 என்பது 148 ஆனது. எண்ணிக்கை கூடியது. நம் ஆளை நாமே தேர்ந்தெடுக்கிற உரிமை போனது. நாற்காலி உனக்கு, அதில் உட்காருகிற ஆள் என் ஆள். அட்லாண்டிக் சிட்டியில் நீட்டியதும் இதைத்தான். பாபாசாகேப் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று, ஒரு உயிரையும் அதன் பேரால் சேரிகள் எரிவதையும் முன்னே வைத்து மிரட்டினார்கள். ஹேமர் மறுக்க முடிந்தது. மறுத்தும், யாருக்காக இந்த அவமானத்தைச் செய்தார்களோ அந்த வெள்ளைப் பிரதிநிதிகளில் பெரும்பாலோர் மாநாட்டைவிட்டு வெளிநடப்புச் செய்தார்கள். நவம்பரில் அவர்கள் மாநிலம் போட்ட 87 சதவீதத்தை மேலே பார்த்தோம்.

"தனியாப் போனா ஓட்டுப் பிரியும், எதிரி வந்துடுவான்" என்று உடனே பாடம் நடத்துவார்கள். 1968இல் ஓட்டைப் பிரித்தது யார்? இனஒதுக்கலுக்காகக் களமிறங்கிய வாலஸ். தென்மாநிலங்கள் ஐந்தை அவருக்குத் தூக்கிக் கொடுத்தது வெள்ளை ஓட்டு. வந்தது நிக்சன். 2016இல் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா மூன்றிலும் சேர்த்து சுமார் 78,000 ஓட்டில் முடிவு மாறியது. 200க்கு மேற்பட்ட கவுண்டிகள் ஒபாமாவுக்கு இரண்டு தடவை போட்டுவிட்டு ட்ரம்பிடம் போயின. அங்கெல்லாம் நிருபர்கள் போய், வெள்ளைத் தொழிலாளியின் மனவேதனையைப் பரிவோடு கேட்டு எழுதினார்கள். 2012இல் 66 சதவீதமாக இருந்த கறுப்பர் வாக்குப்பதிவு 60க்குக் கீழே போனதற்கு மட்டும் 'சோம்பல்', 'அக்கறையின்மை'. வாக்குரிமைச் சட்டத்தின் முதுகெலும்பை 2013இல் உச்ச நீதிமன்றம் முறித்துப் போட்டதைப் பற்றிப் பேச்சு இல்லை.

மாறாமல் போட்டபோது என்ன கிடைத்தது? 2020இல் ஜார்ஜியாவில் பைடன் 11,779 ஓட்டில் ஜெயித்தார். கறுப்பர்கள் திரண்டு போடாவிட்டால் அந்த மாநிலம் இல்லை. அடுத்த வருசமே அந்த மாநில அரசு, வாக்குச்சாவடி வரிசையில் நிற்கிறவருக்குத் தண்ணீர் கொடுப்பதையும் குற்றமாக்கிச் சட்டம் போட்டது. தண்ணீர்! மகாத் குளத்தங்கரையில் 1927இல் அடிபட்ட நமக்கு இது விளங்கும். வாக்குரிமையைக் காக்கும் மசோதா 2022 ஜனவரியில் செனட்டில் விழுந்தது. விதியை மாற்றி அதை நிறைவேற்ற மறுத்த இருவர் எதிர்க்கட்சிக்காரர்கள் இல்லை, ஆளுங்கட்சியான ஜனநாயகக் கட்சிக்காரர்கள். பிறகு 2024இல் வந்து "ஏன் குறைஞ்சுது" என்று கேட்டால்? நாங்க உங்களுக்குப் போட்டோம், நீங்க எங்களுக்கு என்ன செஞ்சீங்க என்று திருப்பிக் கேட்க உரிமை இல்லையா?

ட்ரம்புக்குப் போனதை நான் நியாயப்படுத்தவில்லை. அடிக்கிறவனிடம் போய்ச் சேருவது அரசியல் ஆகாது. ஆனால் அணைக்கிற மாதிரி நடிக்கிறவனிடம் நிரந்தரமாகக் குத்தகைக்குக் கிடப்பதும் அரசியல் ஆகாது. இதற்கு வெளியே ஒரு வழியை அலபாமாவின் லவுண்டஸ் கவுண்டி காட்டியது. அங்கே நூற்றுக்கு 80 பேர் கறுப்பர்கள். 1965 தொடக்கத்தில் அவர்களில் ஒருத்தர் பேர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. அலபாமா ஜனநாயகக் கட்சியின் தேர்தல் சின்னம் ஒரு சேவல். அதன் தலைக்கு மேலே 'வெள்ளை மேலாதிக்கம்' என்று எழுதியிருக்கும். 1966 வரை இருந்தது. வாக்குரிமைச் சட்டம் வந்தபின் பேர் பதிந்த கறுப்பர்களைப் பண்ணை நிலத்திலிருந்து துரத்தினார்கள். அவர்கள் நெடுஞ்சாலை ஓரம் கூடாரம் அடித்துக் கிடந்தார்கள். அந்தச் சேவலுக்கு எங்கள் கை போடாது என்று தனிக் கட்சி கட்டினார்கள். வாரத்துக்கு உழுதவர்களும் கூலிக்காரர்களும் தேர்ந்தெடுத்த சின்னம் கறுஞ்சிறுத்தை.

1966 நவம்பரில் அத்தனை இடத்திலும் தோற்றார்கள். 1970இல் அந்த அமைப்பை நடத்திய ஜான் ஹுலெட் அதே கவுண்டியின் ஷெரீப் ஆனார். அந்தச் சிறுத்தையை ஓக்லண்ட் இளைஞர்கள் 1966இல் எடுத்துக்கொண்டார்கள். 1972இல் மும்பைச் சேரிகளில் அது தலித் பாந்தர் ஆனது. 1982இல் மதுரைக்கு வந்தது. நாம் ஏந்துகிற சிறுத்தை முதலில் ஒரு ஓட்டுச் சீட்டில்தான் நின்றது. இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரணும்.

தோற்றாலும் தன் சின்னத்தில் தோற்றவனிடம் மறுநாள் எவனும் வந்து "உன் ஓட்டு எங்கே போச்சு" என்று கேட்க முடியாது. எங்கே போச்சு என்று அவனுக்குத் தெரியும்.