பேக்ரவுண்டு போடும் நண்பர்களுக்கு



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கத்தில் கேட்டபோது, கவிதை எல்லாம் எனக்கு வராதே என்றேன். "உனக்குத் தெரிஞ்சதை எழுது" என்றார்கள். எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று, சிவில் பிரிவில் விழுந்து எழுந்து இரண்டாம் ஆண்டு வரை வந்தது. இன்னொன்று, தினமும் மாலை ஐந்தரை முதல் எட்டரை வரை பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிளக்ஸ் கடையில் கோரல்டிரா ஓட்டுவது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். என் மினி டிராஃப்டரும் நோட்டும் அந்தக் கடைச் சம்பளத்தில் வாங்கியவை. ஆகவே கடை விஷயத்தையே எழுதுகிறேன். பொறுத்தருள்க.

முதலில் நம்முடைய சென்ற ஆண்டு மலரையே எடுத்துக் கொள்வோம். அதில் ஒரு மளிகைக் கடை விளம்பரம். பின்னால் முழுப் பக்கத்துக்கும் வற்றல் மிளகாய்ப் படம். அதன் மேல் கருப்பு எழுத்தில் போன் நம்பர். உள்பக்கம் கருப்பு வெள்ளை என்பதால் சிவப்பு மிளகாயும் கருப்பாகிவிட்டது, நம்பரும் கருப்பு. மிளகாய் தெரிகிறது, நம்பர் தெரியவில்லை! காசு கொடுத்த அந்த அண்ணாச்சி நம்மைப் பற்றி என்ன நினைத்திருப்பார்?

கோரல், இங்க்ஸ்கேப் போன்ற மென்பொருள்கள் அடிப்படையில் வெக்டர். வெக்டர் என்றால் கணக்கு. ஒரு வட்டத்துக்கு மையம் எங்கே, ஆரம் எவ்வளவு என்பதுதான் உள்ளே இருக்கும். விசிட்டிங் கார்டுக்கும் சரி, 20 அடி பேனருக்கும் சரி, கம்ப்யூட்டர் புதிதாகக் கணக்குப் போட்டு வரைந்துகொள்ளும். (வளைகோட்டுக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி இழுக்கிறோமே, அந்தக் கோட்டுக்குத் தன் பெயரைத் தந்தவர் பியர் பெசியே என்ற பிரான்ஸ் நாட்டு இன்ஜினியர். ரெனோ கம்பெனியில் 1960-களில் கார் பாடி வரையக் கையாண்ட முறைதான் இன்று கல்யாணப் பத்திரிகைப் பிள்ளையாரின் தும்பிக்கையை வளைக்கிறது. மெக்கானிக்கல் நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம்!)

பிட்மேப் அப்படி இல்லை. அது டைல்ஸ் ஒட்டிய தரை. ஒரு கட்டத்துக்கு ஒரு நிறம். படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் டைல்ஸ் எண்ணிக்கை கூடாது, ஒவ்வொரு டைல்ஸும் பெரிதாகும், அவ்வளவுதான்.

இந்த டைல்ஸைக் கொண்டுபோய் வெக்டர் வடிவத்துக்குள் நிரப்பும்போதுதான் வம்பு. கடையில் நாங்கள் இரண்டு விதமாகச் செய்வோம். சின்னத் துண்டுப் படத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டும் பேட்டர்ன் ஃபில் ஒன்று. முழுப் படத்தையும் வடிவத்துக்குள் அடைத்துவிடும் பவர்கிளிப் இன்னொன்று. பேட்டர்னில் துண்டின் ஓரங்கள் பொருந்தாவிட்டால், மேஸ்திரி கோணலாக ஒட்டிய தரை மாதிரி இணைப்புக் கோடு காட்டிக் கொடுத்துவிடும். வடிவத்தோடு ஃபில்லும் சேர்ந்து மாறட்டும் என்று ஒரு டிக் உண்டு. அதை மறந்துவிட்டுக் கட்டத்தைப் பெரிதாக்கினால் உள்ளே பூ பெரிதாகாது, எண்ணிக்கைதான் பெருகும். பத்துப் பூவுக்குப் பதில் நூறு பூ. நான் கடையில் சேர்ந்த முதல் வாரம் ஒரு காதுகுத்து பேனர் இப்படித்தான் பூத்துக் குலுங்கியது. அண்ணன் கண்டுபிடித்துத் திட்டியதோடு போயிற்று.

திட்டோடு போகாத ஒன்றும் உண்டு.

போன வருஷம் ஆடி மாதம் என் தாத்தா, அம்மாவைப் பெற்றவர், காலமானார். கிணறு வெட்டப் போனவர். போட்டோ ஸ்டுடியோ பக்கமே போகாத மனிதர். சித்தி கல்யாணத்தில் பத்துப் பேரோடு ஓரமாக நின்ற ஒரே படம்தான் இருந்தது, அதுவும் போனில் கைமாறிக் கைமாறி வந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பேனர் நான்தான் அடிப்பேன் என்று சொல்லிவிட்டேன். பேத்தி கம்ப்யூட்டர் படித்தவள் அல்லவா! எட்டடிக்கு நாலடி. பின்னால் நீல வானம், மேகம், தாமரை, புறா, குத்துவிளக்கு, கையில் கிடைத்த எல்லாம். நடுவில் முட்டை வடிவம் போட்டு அதற்குள் தாத்தா முகத்தைப் பவர்கிளிப் செய்து, ஓரத்தைப் பிடித்து இரண்டடி அகலத்துக்கு இழுத்தேன். சின்னத் திரையில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

வாசலில் கட்டினோம். ரோட்டில் நின்று பார்த்தவர்கள் "சூப்பரா பண்ணிருக்கியே பாப்பா" என்றார்கள். அம்மாச்சிக்குக் கண்ணில் புரை. கிட்டத்தில் போனால்தான் எதுவும் தெரியும். பேனரோடு முகத்தை ஒட்டிக்கொண்டு நின்று, கையால் தடவிப் பார்த்து, "எங்கடி உங்க தாத்தா கண்ணு?" என்று கேட்டது. கிட்டத்தில் அங்கே கண் இல்லை. பழுப்பும் கருப்புமாகக் கட்டங்கள்தான் இருந்தன. நான் ஒன்றும் பேசவில்லை.

ராத்திரி கணக்குப் போட்டேன். அந்த போட்டோவில் தாத்தா முகம் 160 பிக்சல் அகலம். இரண்டடி என்றால் 24 அங்குலம். அங்குலத்துக்கு ஏழு பிக்சல்கூடத் தேறவில்லை. ஒரு பிக்சல் கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர், பருப்பு அளவு. வானப் படமும் ஒன்றும் பெரிதில்லை, 1280 பிக்சல். எட்டடிக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 13. ஆனால் மேகம் கலங்கினால் அதுவும் மேகம்தான். முகம் கலங்கினால் ஆள் போய்விடுகிறார்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் 300-ல் வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு நண்பன் கேட்டான். எட்டடி நாலடிக்கு 300 வைத்தால் 28,800 × 14,400, அதாவது 41 கோடிப் பிக்சல். அச்சுக்கு நாலு நிறம் என்று பெருக்கினால் சுமார் 166 கோடி பைட். எங்கள் கடைக் கம்ப்யூட்டர் படுத்துவிடும். 72 வைத்தால் சுமார் 2.4 கோடிப் பிக்சல்தான். தள்ளி நின்று பார்க்கும் பேனருக்கு அது தாராளம். அதோடு, 160 பிக்சல் படத்தில் 300 என்று எழுதிவிட்டால் இல்லாத கண் முளைத்துவிடுமா?

இப்போது ஏஐ இருக்கிறதே என்பீர்கள். அதையும் செய்து பார்த்தேன். கண் வந்தது, இமை வந்தது, நல்ல மினுமினுப்பு. ஆனால் அது தாத்தா கண் இல்லை. யாரோ ஒரு பெரியவர் எங்கள் தாத்தா சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். அழித்துவிட்டேன். பிறகு பழைய படத்தையே இரண்டு அங்குல அகலத்தில், அங்குலத்துக்கு 80 பிக்சலாக, பேக்ரவுண்டு எதுவும் இல்லாமல் வெள்ளைத் தாளில் அடித்து அம்மாச்சியிடம் கொடுத்தேன். சுருக்குப்பையில் வைத்திருக்கிறது.

பேக்ரவுண்டில் படமே போடாதே என்று நான் சொல்ல வரவில்லை. கடைக்கு வருகிறவர்களைக் கேலி செய்யவும் எனக்கு மனசு வரவில்லை. சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று எண்ணிக் கொடுக்கிறார்கள். கொஞ்சம் வெறுமையாக விட்டால் "என்னம்மா, பாதி துணி சும்மா கிடக்கே" என்பார்கள். எங்கள் அம்மாவும் அப்படித்தான் சொல்லும். அரிசி வாங்கினால் படி தலைதட்டி அளக்கிறானா என்று பார்த்தே வளர்ந்தவர்கள், காலி இடத்துக்கு ஏன் காசு தர வேண்டும்? நியாயமான கேள்வி! பதில் சொல்ல வேண்டியது மவுஸ் பிடித்திருக்கும் நாம். "இந்தப் படம் இந்த அளவுக்குத்தான் தாங்கும், ஒரிஜினல் இருந்தா கொண்டுவாங்க, ஸ்கேன் பண்ணிக்கலாம்" என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷத்துக்குச் சோம்பேறித்தனப்பட்டு வானத்தையும் தாமரையையும் அள்ளிப் போட்டு மூடிவிடுகிறோம். நான் செய்தது அதுதான்.

வானம் வேண்டுமென்றால் நீலத்திலிருந்து வெள்ளைக்கு ஃபவுண்டன் ஃபில் போட்டால் போயிற்று. வெக்டர், எத்தனை அடிக்கும் உடையாது. துணியும் நிறைந்துவிடும், எழுத்தும் தெரியும்.

நம் சிவில்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஆட்டோகேடில் சைட் பிளானுக்கு அடியில் சாட்டிலைட் படத்தை வைப்பவர்கள், டிராயிங் ஃபைலை மட்டும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வராதீர்கள். படம் உள்ளே இருக்காது, இணைப்புதான் இருக்கும். லேபில் திறந்தால் வெறும் கட்டமும் ஃபைல் பெயரும் வரும். சென்ற செமஸ்டரில் எங்கள் பேட்ச்சில் ஒருவருக்கு வந்தது. பெயர் சொல்ல மாட்டேன், அவரே சிரிப்பார்.

இந்த மலரின் விளம்பரப் பக்கங்களில் ஆறு நான் செய்தவை. அவற்றில் போன் நம்பருக்கு அடியில் எந்தப் படமும் இருக்காது. சரிபார்த்துக் கொள்ளலாம், தப்பு இருந்தால் நேரில் சொல்லலாம். அடுத்த ஆண்டு விளம்பரம் கேட்டுப் போகும் நண்பர்கள் கடைக்காரர்களிடம் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக வாங்காமல் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லவும். அப்போதுதான் பிக்சல் குறையாமல் வந்து சேரும்.