பாட்டு உங்களுடையது, கடை யாருடையது?

ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், ஓர் இன்டர்நெட் இணைப்பு. இந்த மூன்றும் இருந்தால் போதும், வீட்டில் உட்கார்ந்தபடியே உலகப் புகழ் பெற்ற பாடகர் ஆகிவிடலாம் என்று பலர் சொல்லக் கேட்கிறோம். இப்படிச் சொல்பவர்களுக்குக் கை கொடுக்கும் பெயர்களில் ஒன்று கோட்டியே. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரைச் சேர்ந்த இவருடைய இயற்பெயர் வௌட்டர் (வாலி) டி பேக்கர். பாட்டு எழுதி, இசை அமைத்து, தானே பாடுபவர். 2011ல் வந்த இவருடைய "மேக்கிங் மிரர்ஸ்" ஆல்பத்தின் பெரும்பகுதி பதிவானது, பெற்றோரின் இடத்தில் இருந்த ஒரு கொட்டகையில்தான். அதில் உள்ள "சம்படி தட் ஐ யூஸ்டு டு நோ" என்ற பாடல் 2012ல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் எட்டு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. 2013ல் மூன்று கிராமி விருதுகள் கிடைத்தன.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தக் கதையைச் சொல்பவர்கள் பத்து ஆண்டுகளை விட்டுவிடுகிறார்கள். 2001ல் கோட்டியே நான்கு பாடல்களை சிடியில் பதிந்தார். சுமார் 50 சிடிக்கள். அட்டைகளைக் கையாலேயே அலங்கரித்து, ரேடியோ நிலையங்களுக்கும் இசை நிறுவனங்களுக்கும் தபாலில் அனுப்பினார். 2003ல் ஓர் ஆல்பம், 2006ல் இன்னொன்று. உலகம் திரும்பிப் பார்த்தது மூன்றாவது ஆல்பத்தைத்தான்.

கம்ப்யூட்டர் அவருக்கு ஸ்டுடியோ வாடகையை மிச்சப்படுத்தியது. கேட்பவர்களைத் தேடித் தரவில்லை. வீட்டில் பாட்டுப் பதிவு செய்யும் ஒவ்வொருவரும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

பதிவு செய்வது இன்று பிரச்னையே இல்லை

2000ல் வெளியான ஆடாசிட்டி இன்றும் இலவசம்தான். மேக் கம்ப்யூட்டர்களில் 2004 முதல் கராஜ்பேண்ட் வருகிறது. சாதாரண கம்ப்யூட்டரிலேயே பல டிராக்குகளைத் தனித்தனியே பதிந்து, பிறகு ஒன்றாகக் கலந்திடலாம். பதிவு செய்த பாட்டை இன்டர்நெட்டில் ஏற்றுவதும் சில நிமிட வேலை.

எல்லோருக்கும் எளிது என்பதுதான் சிக்கலே. கடை வைப்பது சுலபமானால் தெரு முழுக்கக் கடைகள் வந்துவிடும். அங்கே வாடிக்கையாளர் எதற்காக உங்கள் கடைக்குள் நுழைய வேண்டும்?

கேட்டுச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்

ஆஸ்திரேலியாவில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. அந்நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஏ.பி.சி.யின் இளைஞர் ரேடியோ, டிரிபிள் ஜே. இது 1995ல் "அன்எர்த்டு" என்ற பெயரில் புதிய கலைஞர்களைத் தேடும் போட்டியைத் தொடங்கியது. 2006ல் இதற்கெனத் தனி வெப்சைட் வந்தது. ஒப்பந்தம் இல்லாத எந்த ஆஸ்திரேலியக் கலைஞரும் தன் பாடலை அதில் ஏற்றலாம். ரேடியோ நிலையத்தில் இருப்பவர்கள் கேட்டுப் பார்த்து, பிடித்ததை ஒலிபரப்புவார்கள்.

2001ல் மிஸ்ஸி ஹிக்கின்ஸ் என்ற மாணவியின் பாடலை அவருடைய அக்கா இந்தப் போட்டிக்கு அனுப்பினார். அது வெற்றி பெற்றது. பைரன் பே என்ற கடற்கரை ஊரில் தெருவோரம் பாடிக்கொண்டிருந்த டோன்ஸ் அண்ட் ஐ, 2019ல் தன் முதல் பாடலை அன்எர்த்டு தளத்தில் ஏற்றினார். அதே ஆண்டு வந்த அவருடைய "டான்ஸ் மங்கி" ஆஸ்திரேலியப் பட்டியலில் 24 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது அந்த வெப்சைட்டின் தொழில்நுட்பத்தை அல்ல. அது எந்த வெப்சைட்டிலும் உள்ளதுதான். ஏற்றிய பாட்டை ஒரு மனிதர் கேட்கிறார், பிடித்தால் நாடு முழுக்கக் கேட்கும்படி செய்கிறார். மதிப்பு அதில்தான் இருக்கிறது.

வாடகைக் கடையின் கதை

அடுத்து, பாட்டை எங்கே வைப்பது? ஒரு காலத்தில் தனிக் கலைஞர்கள் எல்லாரும் ஓடியது மைஸ்பேஸ் தளத்துக்கு. பலர் வேறு எங்கும் பிரதி வைத்துக் கொள்ளவில்லை. 2019ல் ஒரு செய்தி வந்தது. சர்வர் மாற்றும்போது, 2016க்கு முன் ஏற்றப்பட்ட பாடல்கள் அழிந்துவிட்டன என்று மைஸ்பேஸ் அறிவித்தது. ஐந்து கோடிக்கும் மேற்பட்ட பாடல்கள் இருக்கலாம் என்று செய்திகள் கூறின. திரும்பப் பெற வழியில்லை.

ஸ்பாட்டிபை 2012ல் ஆஸ்திரேலியாவுக்கு வந்தது. 2024ல் ஒரு விதியைக் கொண்டு வந்தது. முந்தைய 12 மாதங்களில் 1,000 முறைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாட்டுக்கு, பதிவுக்கான பங்குத் தொகை கிடையாது. ஒரு பாட்டுக்கு வரக்கூடிய தொகை சிறியதுதான். ஆனால் கேட்டவர் கேட்டார், காசு மட்டும் வராது என்ற விதியைக் கடைக்காரர் தனியாக முடிவு செய்திடலாம் என்பதைக் கவனியுங்கள்.

பேண்ட்கேம்ப் நல்ல கடை. 2008ல் தொடங்கியது. டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக் கொள்கிறது. விற்பனை கூடினால் அது 10 சதவீதமாகக் குறையும். வாங்கியவர் சம்மதித்தால் அவருடைய இமெயில் முகவரியையும் கலைஞருக்குத் தருகிறது. ஆனால் அதுவும் 2022ல் எபிக் கேம்ஸ் நிறுவனத்துக்கும், 2023ல் சாங்டிராடர் நிறுவனத்துக்கும் கைமாறியது. நல்ல கடைக்காரரும் கடையை விற்றுவிட்டுப் போகலாம்.

இந்தத் தளங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்திரேலியா போன்ற நாட்டில் அப்படிச் சொல்லவும் முடியாது. பெர்த்திலிருந்து சிட்னிக்குச் சாலை வழியாக ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். ஊர் ஊராகப் போய்ப் பாட பெட்ரோலுக்கே பணம் போய்விடும். போகாத ஊரிலும் பாட்டைக் கேட்க வைப்பது இன்டர்நெட்தான். ஆனால் அதைப் பாட்டின் ஒரே வீடாக வைத்துக் கொள்வது தவறு. அது கடை வாசல் மட்டுமே.

சொந்தக் கடை வைத்தவர்கள்

ஜான் பட்லர், மேற்கு ஆஸ்திரேலியாவின் ப்ரீமேன்டில் நகரத் தெருவில் கிடார் வாசித்தவர். 1996ல் தன் இசையைக் கேசட்டாக்கித் தானே விற்றார். 2002ல் தி வெய்ஃப்ஸ் இசைக் குழுவுடன் சேர்ந்து ஜாரா ரெக்கார்ட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 2004ல் அவருடைய குழுவின் "சன்ரைஸ் ஓவர் ஸீ" ஆல்பம், எந்தப் பெரிய நிறுவனத்தின் துணையும் இல்லாமல், ஆஸ்திரேலியப் பட்டியலில் நேராக முதலிடத்தில் நுழைந்தது.

மெல்போர்னின் கோர்ட்னி பார்னெட் 2012ல் மில்க் ரெக்கார்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கித் தன் பாடல்களை வெளியிட்டார். நண்பர்களின் பாடல்களும் அதில் வந்தன. கிராமியின் சிறந்த புதுமுகக் கலைஞர் விருதுக்கு 2016ல் அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது.

மில்க் ரெக்கார்ட்ஸ் 2023ல் மூடப்பட்டுவிட்டதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். சொந்தக் கடையும் நிரந்தரம் அல்ல. ஆனால் மூடுவது என்று முடிவு செய்தவர் கடையை நடத்தியவர்தான். முன்கூட்டியே அறிவித்தார்கள். மைஸ்பேஸில் பாட்டு வைத்திருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை.

வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை

முதலில் பேக்கப். நான்கு நிமிடப் பாட்டைப் பத்து மோனோ டிராக்குகளில், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் அளவில் பதிந்தால் சுமார் 350 எம்.பி. இடம் பிடிக்கும். இன்றைய ஹார்ட் டிஸ்க்குகளில் இது ஒன்றுமே இல்லை. அந்த வேவ் பைல்களை இரண்டு வேறு டிஸ்க்குகளில் வைத்திடுங்கள். ஒன்றை வேறொருவர் வீட்டில் கொடுத்து வைத்தால் இன்னும் நல்லது. எம்பி3 பைலை மட்டும் வைத்துக் கொண்டால், சுருக்கும்போது போன ஒலித் தகவல் திரும்பி வராது.

இரண்டாவது, உரிமை. ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு. எழுதி இசை அமைத்தவரின் உரிமை ஒன்று, பதிவின் உரிமை மற்றொன்று. ஆஸ்திரேலியாவில் முதலாவதற்கான பணத்தை ஏ.பி.ஆர்.ஏ. ஆம்கோஸ் என்ற அமைப்பு வசூலித்துத் தருகிறது. பதிவு ரேடியோவிலும் பொது இடங்களிலும் ஒலிப்பதற்கான பணத்தை பி.பி.சி.ஏ. தருகிறது. விடுதி மேடையில் சொந்தப் பாட்டைப் பாடிவிட்டு, எந்தெந்தப் பாடல் என்று ஏ.பி.ஆர்.ஏ.வுக்கு எழுதித் தந்தால் அதற்கும் பங்கு உண்டு. பதிவு செய்து கொள்ளாதவருக்கு இவை எதுவும் வராது. அடுத்தவர் இசைத் துண்டை எடுத்தால் பங்கு தர வேண்டும் என்பதும் இதே கணக்குதான். கோட்டியேயின் அந்தப் புகழ் பெற்ற பாடல், பிரேசில் கிடார் கலைஞர் லூயிஸ் போன்ஃபாவின் 1967ம் ஆண்டுப் பதிவிலிருந்து எடுத்த துண்டின் மேல் அமைந்தது. அதனால் பாடலை எழுதியவர்களில் ஒருவராக போன்ஃபாவின் பெயரும் இடம் பெற்றுள்ளது.

மூன்றாவது, முகவரிப் பட்டியல். உங்கள் பாட்டை ஸ்பாட்டிபையில் ஆயிரம் பேர் கேட்கலாம். அவர்களில் ஒருவருடைய முகவரியும் உங்களுக்குக் கிடைக்காது. ஆனால் கச்சேரி முடிந்ததும் இமெயில் எழுதித் தந்த ஐம்பது பேரை, எந்தத் தளம் மூடினாலும் நீங்கள் அழைத்திட முடியும். சாதாரண எக்ஸெல் பைல் ஒன்று இதற்குப் போதும்.

இளம் கலைஞர்கள் புதிய மைக் வாங்குவதில் காட்டும் அக்கறையில் பாதியையாவது இந்த மூன்றிலும் காட்ட வேண்டும். கோட்டியே 2001ல் சிடிக்களைத் தபாலில் அனுப்பியபோது, எந்த சிடி யாருக்குப் போகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று பட்டனை அழுத்தி அப்லோட் செய்பவருக்கு அது தெரிவதில்லை. அதைத் தெரிந்து கொள்ளும் வழியைத் தேடுபவர்தான் இந்தத் தொழிலில் நிலைத்து நிற்பார்.