தூண்களுக்கு நடுவே மனிதர்களுக்கும் இடம் வேண்டும்

14-ஆவது மாடியில் ஒரு பெரியவர் இறந்துபோனால் என்ன செய்வது என்று எந்த பில்டரின் பிரோஷரிலும் போட்டிருக்காது. எங்கள் உறுப்பினர்கள் வசிக்கும் குடியிருப்பு ஒன்றில் அது நடந்தது. ஐஸ் பெட்டி லிஃப்டுக்குள் நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், அப்படியும் முடியவில்லை. கடைசியில் உடலைப் போர்வையில் கிடத்தி நாலு பேர் படிக்கட்டு வழியாக இறக்கினார்கள். கீழே வந்தால் வைக்க இடமில்லை. விடிகாலையில் வீடு வீடாகப் பெல் அடித்து, ஆறு கார்களை வெளியே எடுக்கச் சொல்லி, தூண்களுக்கு நடுவே பெட்டியை வைத்தோம். துக்கம் கேட்க வந்தவர்கள் பைக்குகளில் சாய்ந்தபடி நின்றார்கள்.

சென்னையில் பல மாடிக் குடியிருப்புகளில் வசிப்பவர்களும், அவற்றை வரைகிற கட்டடக் கலைஞர்கள் சிலரும் சேர்ந்தது எங்கள் சங்கம். உயரமாகக் கட்டுவதை நாங்கள் எதிர்க்கவில்லை; இன்றைய நில விலையில் எதிர்த்துப் பயனும் இல்லை. குடியிருப்போரின் நலம் கிளப் ஹவுசிலும் நீச்சல் குளத்திலும் இருப்பதாக எண்ணி வரைபடம் போடுவதைத்தான் எதிர்க்கிறோம். கதவைத் திறந்தால் வரும் காரிடார், அடுத்து லிஃப்ட், கடைசியில் தரைத்தளம். ஒருவர் அக்கம்பக்கத்தோடு வாழ்கிறாரா, பூட்டிய பெட்டிக்குள் வாழ்கிறாரா என்பதை இந்த மூன்றும்தான் தீர்மானிக்கின்றன.

தரைத்தளத்திலிருந்து தொடங்குகிறோம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி 18.30 மீட்டருக்கு மேல் எழும்பினால் அது உயரமான கட்டடம். வண்டி நிறுத்தும் தூண் தளம் தளப்பரப்புக் கணக்கில் சேராது. ஆகவே பில்டர் அதைக் கடைசி அங்குலம்வரை காருக்கே கோடு போட்டுக் கொடுக்கிறார். சிங்கப்பூரில் 1960-இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகமும் தூண்கள் மேல்தான் கட்டடங்களை எழுப்பியது. அங்கே 1970-களிலிருந்து கட்டிய புளோக்குகளின் கீழ்த்தளத்தைக் காலியாகவே விட்டார்கள். மலாய்க் குடும்பத்தின் கல்யாண விருந்தும் சீனக் குடும்பத்தின் சாவுச் சடங்கும் அதே தரையில் நடக்கின்றன. மற்ற நாட்களில் பெரியவர்கள் உட்கார்ந்து காய் நகர்த்துகிறார்கள். அங்கும் தூண், சிமென்ட் தரை, நிழல்தான். வெயிலும் மழையும் மாறிமாறி அடிக்கிற சென்னைக்கு, கூரைபோட்ட திறந்த தளத்தைவிட நல்ல முற்றம் கிடைக்காது.

எனவே, ஒவ்வொரு கட்டடத்தின் தூண் தளத்திலும் கால் பங்கையாவது வண்டி நுழையாத திறந்த இடமாக விட வேண்டும். சுவர் எழுப்பி அறையாக்காதவரை அந்தப் பகுதிக்கும் வண்டித் தளத்துக்குரிய அதே கணக்குச் சலுகை தெளிவாகக் கிடைக்க வேண்டும். கார்களை எங்கே விடுவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அடித்தளம் தோண்டச் செலவாகும், தாழ்வான பகுதிகளில் அதில் வெள்ளமும் புகும். இரண்டாவது காருக்கு இடம் இல்லை என்று விற்கும்போதே சொல்லிவிடுவதுதான் எங்கள் பதில். இதில் எங்கள் உறுப்பினர்களிலேயே சிலருக்கு உடன்பாடு இல்லை என்பதையும் மறைக்கவில்லை.

வெள்ளம் என்றதும் லிஃப்ட் நினைவுக்கு வருகிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் மின்சாரம் போய், சம்ப் மோட்டார் மூழ்கி, மேல் மாடிகளில் இருந்தவர்கள் குடிக்கவும் கழுவவும் தண்ணீர் இல்லாமல் தவித்தார்கள். முழங்கால் வலிக்காரருக்கு 11-ஆவது மாடி என்பது அந்த நாட்களில் ஒரு தீவு. மின் பலகையும் ஜெனரேட்டரும் வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கட்டுத் தொகுதியிலும் ஸ்ட்ரெச்சரைப் படுக்கை வசத்தில் ஏற்றக்கூடிய லிஃப்ட் ஒன்றாவது வேண்டும். சிங்கப்பூரின் பழைய புளோக்குகளில் லிஃப்ட் சில மாடிகளில் மட்டுமே நின்றது. 2001-இல் திட்டம் போட்டு, பெரும்பாலானவற்றில் மாடிக்கு மாடி நிற்கும்படி மாற்றினார்கள். கட்டி முடித்த பிறகும் திருத்த முடியும் என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்குத் தனி லிஃப்ட் என்று எழுதி ஒட்டும் வழக்கத்தை நாங்கள் ஏற்கவில்லை. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

காரிடாருக்கு வருவோம். நடுவில் ஒரு நீண்ட சந்து, இரண்டு பக்கமும் எதிரெதிர்க் கதவுகள், இரண்டு முனையும் சுவர். பகல் பன்னிரண்டு மணிக்கும் டியூப் லைட் எரிகிறது. ஒரு வீட்டில் மீன் வறுத்தால் எட்டு வீட்டுக்கும் வாசம், அதிலிருந்து சண்டை. மதியத்துக்கு மேல் கிழக்கிலிருந்து வரும் கடல்காற்று சென்னைக்கு இலவசமாகக் கிடைத்த ஏர் கண்டிஷனர். காரிடாரின் ஒரு முனையையாவது திறந்து, கிராதி வைத்து, நாலு பேர் நிற்கும் அளவு அகலப்படுத்தினால் அந்தக் காற்று உள்ளே வரும். பக்கத்து வீட்டு அம்மாவும் கீரை ஆய அங்கே வந்து உட்காருவார்.

இவை வசதியுள்ளோருக்கு மட்டுமான பேச்சு அல்ல. நகரின் நடுவிலிருந்து பெரும்பாக்கத்தின் எட்டு அடுக்குக் கட்டடங்களுக்குப் போனவர்களில் வாசலில் இட்லிக் கடை போட்டும், தெருவில் மீன் விற்றும் பிழைத்த பெண்கள் உண்டு. ஏழாவது மாடியில் வாசல் ஏது? அரசு கட்டும் ஒவ்வொரு தொகுதியிலும் தரைத்தளத்தில் குறைந்த வாடகைக்குச் சின்னக் கடைகளும், அங்கன்வாடியும், உட்காரத் திண்ணையும் வரைபடத்திலேயே இடம்பெற வேண்டும்.

எங்கள் பக்கத்துத் தவறும் இருக்கிறது. ‘இங்கே பந்து விளையாடக் கூடாது’, ‘வேலையாட்கள் இங்கே உட்காரக் கூடாது’ என்ற பலகைகளை மாட்டியது பில்டர்கள் அல்ல. குடியிருப்போர் சங்கங்களாகிய நாங்கள்தான். உறுப்பினர் சங்கங்கள் அடுத்த பொதுக்குழுவுக்குள் அவற்றைக் கழற்றிவிட்டு, தூண் தளத்தில் குறைந்தது இரண்டு கார் இடங்களை நிரந்தரமாகக் காலிசெய்து, அங்கே நாலு பெஞ்சு போட வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறோம்.