அறிவியலுக்குச் சுங்கச்சாவடி எதற்கு?

அறிவியல் ஆய்வு சமூக உழைப்பின் விளைபொருள். பல்கலைக்கழகங்களின் ஆய்வுக்கூடங்களைக் கட்டியது மக்களின் வரிப்பணம். ஆய்வாளருக்கு ஊதியமும் உதவித்தொகையும் தருவதும் அதே வரிப்பணம்தான். எழுதப்பட்ட கட்டுரையைச் சரிபார்க்கும் சக ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஊதியமின்றியே அப்பணியைச் செய்கின்றனர். ஆனால் கட்டுரை வெளியானதும் அதன் உரிமை எல்செவியர், வைலி போன்ற ஒருசில பன்னாட்டுப் பதிப்பு நிறுவனங்களின் கைக்குப் போய்விடுகிறது. மக்கள் பணத்தில் விளைந்ததை மக்களே மீண்டும் விலை கொடுத்து வாங்க வேண்டியுள்ளது. எல்செவியரின் தாய் நிறுவனமான ரெலெக்ஸ் தனது அறிவியல், மருத்துவப் பதிப்புப் பிரிவில் ஈட்டும் லாப விகிதம் 35 விழுக்காட்டுக்கும் மேல்.

இந்தக் கொள்ளைக்கு முடிவு கட்டுவதற்கு மாறாக, மொத்தமாகக் கப்பம் கட்டும் வழியை ஒன்றிய அரசு தேர்ந்தெடுத்துள்ளது. 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டத்திற்கு 3 ஆண்டுகளுக்கு ரூ.6,000 கோடி ஒதுக்கப்பட்டது. 30 பதிப்பு நிறுவனங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் 6,300க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்களுக்குக் கிடைக்கும். சந்தா கட்ட வசதியில்லாத மாநிலப் பல்கலைக்கழகங்களின் மாணவர்களுக்கு இது உண்மையான நிவாரணம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் தனியார் கல்லூரியில் கடன் வாங்கிப் படிக்கும் மாணவரும், கிராமப்புற மருத்துவரும், பள்ளி ஆசிரியரும், எந்த நிறுவனத்தையும் சாராத ஆய்வாளரும் வாசலுக்கு வெளியேதான் நிற்கின்றனர். ஒப்பந்தம் முடிந்தால் வாசல் மீண்டும் அடைபடும். கோடிகளைக் கொட்டிய பிறகும் நாட்டுக்குச் சொந்தமாக எதுவும் மிஞ்சாது.

மறுபுறம், கஜகஸ்தானின் அலெக்சாண்ட்ரா எல்பாக்யன் 2011இல் தொடங்கிய ‘சை-ஹப்’ தளத்தை இந்தியாவில் முடக்குமாறு தில்லி உயர்நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் உத்தரவிட்டது. எல்செவியர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம் ஆகியவை 2020இல் தொடுத்த வழக்கு இது. பதிப்புரிமைச் சட்டத்தின் பார்வையில் அத்தளம் குற்றமாக இருக்கலாம். ஆனால் நியாயமான வழி திறந்திருந்தால் லட்சக்கணக்கான மாணவர்கள் அதை நாடியிருக்கவே மாட்டார்கள். இதே தில்லி உயர்நீதிமன்றம் 2016இல், பாடத்திற்குத் தேவையான நூற்பகுதிகளைப் பல்கலைக்கழக வளாகத்தில் நகலெடுத்துத் தருவது பதிப்புரிமை மீறல் அல்ல என்று தீர்ப்பளித்ததை நினைவுகூர வேண்டும். கல்வியின் தேவைக்குச் சட்டத்தில் இடமுண்டு என்பதை அத்தீர்ப்பு நிலைநாட்டியது.

இலவசமாகத் தந்தால் ஆய்விதழின் தரம் கெட்டுவிடும் என்பது பதிப்பு நிறுவனங்களின் வாதம். நடைமுறை இதைப் பொய்யாக்குகிறது. 1991இல் தொடங்கப்பட்ட ‘ஆர்க்கைவ்’ களஞ்சியம் இல்லாமல் இன்று இயற்பியல் ஆய்வே நடக்காது. பிரேசிலில் 1998இல் பொதுநிதியால் உருவான ‘சைலோ’, லத்தீன் அமெரிக்க நாடுகளின் ஆய்விதழ்களை எவரும் கட்டணமின்றிப் படிக்க வழிசெய்தது. இந்தியாவிலும் சர் சி.வி.ராமன் 1934இல் நிறுவிய இந்திய அறிவியல் அகாதமி ‘ரெசோனன்ஸ்’ உள்ளிட்ட தன் இதழ்களின் கட்டுரைகளை இலவசமாகத் தருகிறது. ஐஐடிகள் நடத்தும் ‘என்பிடெல்’ பாடங்களைக் கைப்பேசியிலேயே கேட்கலாம்.

இங்கே ஒரு பொறியையும் கவனிக்க வேண்டும். வாசகரிடம் வாங்காமல் எழுதியவரிடமே கட்டணம் கறப்பது பதிப்பு நிறுவனங்களின் புதிய உத்தி. ‘நேச்சர்’ இதழ் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ கட்டணத்தை அறிவித்தது. ஏழை நாட்டு ஆய்வாளருக்கு இது படிக்க முடியாத நிலைக்குப் பதிலாக எழுத முடியாத நிலையைத் தருகிறது. வாசிப்பதற்கும் எழுதுவதற்கும் கட்டணமில்லாத, பொதுநிதியில் இயங்கும் ஆய்விதழ்களே மாற்று.

இணையத்தில் இலவசம் என்பதால் மட்டும் அறிவு எல்லோரையும் சென்றடைந்துவிடாது. ஒன்றிய அரசின் 2023-24 பள்ளிக்கல்விப் புள்ளிவிவரப்படி, ஏறத்தாழ 54 விழுக்காடு பள்ளிகளில்தான் இணைய வசதி இருந்தது. கிடைக்கும் பாடங்களில் பெரும்பகுதி ஆங்கிலத்திலேயே உள்ளது. இணையத்தை அடிப்படை உரிமையாக அறிவித்து, 2023இல் ‘கே-ஃபோன்’ திட்டத்தின் வழியே ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு வழங்கத் தொடங்கிய கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு வேறொரு பாதையைக் காட்டியது.

ஒன்றிய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும், தம் நிதியில் நடக்கும் ஆய்வுகளின் கட்டுரைகளைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என 2014 டிசம்பரிலேயே கொள்கை வகுத்தன. அதைக் கறாராகச் செயல்படுத்த வேண்டும். சந்தாவுக்குப் போகும் நிதியில் ஒரு பகுதியை உள்நாட்டு ஆய்விதழ்களுக்கும், இந்திய மொழிகளில் அறிவியல் பாடங்களை உருவாக்குவதற்கும் திருப்ப வேண்டும். மாணவர், ஆசிரியர், அறிவியல் இயக்கங்களில் பணியாற்றும் தோழர்கள் இக்கோரிக்கைகளைக் கல்வி வளாகங்களோடு நிறுத்திவிடாமல் தொழிற்சங்கங்களுக்கும் கிராமங்களுக்கும் கொண்டு செல்ல வேண்டும். ஆய்வுக்கூடத்திற்குப் பணம் கொடுத்தவர்கள் அங்கே இருக்கும் உழைப்பாளி மக்கள்தான்.