பின்சக்கரம் இரைகிறது... வெங்காயம் எடுக்கும் வரை தாங்குமா?

"என்னிடம் 1999-ம் வருட மாருதி 800 கார் இருக்கிறது. தோட்டத்துக் காய்களைச் சந்தைக்குக் கொண்டுபோவதும், மாதம் இருமுறை அம்மாவை மதுரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவதும் அதில்தான். இரண்டு மாதமாக 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பின்பக்கம் 'ஊங்' என்று இரைகிறது. ஒருவர் டயர் என்கிறார், இன்னொருவர் பேரிங் என்கிறார். சின்ன வெங்காயம் எடுக்க ஒன்றரை மாதம் இருக்கிறது. பணம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா?"
- வாசகர், ஒட்டன்சத்திரம்.

பூச்சி, நோய் கேட்கும் பக்கத்தில் கார் எங்கே வந்தது என்று சிலர் நினைக்கலாம். சந்தைக்குக் காய் ஏற்றும் காரும் பண்ணைக் கருவிதான். இதே தவற்றைச் செய்து நான் பணத்தை இழந்திருப்பதால், பதில் சொல்ல எனக்குத் தகுதியும் இருக்கிறது.

முதலில், டயரா பேரிங்கா என்று பார்த்துவிடுவோம். டயர் இரைச்சல் சாலைக்குச் சாலை மாறும். புதுத் தார்ச்சாலையில் அடங்கும், ஜல்லி பெயர்ந்த இடத்தில் கூடும். பேரிங் இரைச்சல் எந்தச் சாலையிலும் ஒரே மாதிரி இருக்கும், வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கும். ஆளில்லாத நேரான சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது கியரை நியூட்ரலுக்கு மாற்றுங்கள். அப்போதும் இரைந்தால் இன்ஜின் காரணம் இல்லை. வலது பக்கம் வளையும்போது சத்தம் கூடினால் இடது சக்கரத்தைச் சந்தேகியுங்கள். வளைவில் பாரம் வெளிப்பக்கச் சக்கரத்தில் இறங்குவதுதான் காரணம்.

அடுத்து, கையால் பார்க்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, முன்சக்கரங்களுக்கு இருபக்கமும் கட்டை கொடுங்கள். 800-ல் இன்ஜின் முன்சக்கரத்தை இழுப்பதால் கியர் அதைப் பிடித்துக்கொள்ளும், பின்சக்கரம் தாராளமாகச் சுற்றும். ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட்டு, ஜாக்கியால் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல் அடுக்கியோ கை நீட்டாதீர்கள். சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். 'கடக்' என்று ஆடினால் பேரிங் போய்விட்டது. ஆடவில்லை என்றால் ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி, மறு கையை ஸ்பிரிங்கின் மேல் வையுங்கள். மணலை அரைப்பது போன்ற அதிர்வு கையில் ஏறினாலும் அதே தீர்ப்புதான்.

பேரிங் என்று உறுதியானால் வெங்காயம் வரை காத்திருக்காதீர்கள். அம்மாவை அதில் ஏற்றிக்கொண்டு மதுரை போகவும் வேண்டாம். அந்தப் பயணத்துக்குப் பேருந்தோ வேறு வண்டியோ பாருங்கள். தேய்ந்த பேரிங் சத்தம் மட்டும் போடுவதில்லை. டிரம் ஆடும், பிரேக் சரியாகப் பிடிக்காது, சீல் கிழிந்து கிரீஸ் பிரேக் ஷூவில் வழியும். கடைசியில் சூடேறி ஜாம் ஆகும், அல்லது சக்கரமே கழன்றுவிடும்.

நான் வாங்கிய பழைய 800 இப்படித்தான் இரைந்தது. ரேடியோ சத்தத்தைக் கூட்டி வைத்து மூன்று மாதம் ஓட்டினேன். ஒருநாள் திண்டுக்கல் சாலையில் கருகிய வாடை வந்தது. இறங்கிப் பார்த்தால் சக்கரத்தின் நடுவில் கை வைக்க முடியாத சூடு. பேரிங்கின் உள்வளையம் அச்சின் முனைமேலேயே சுற்றி, முனை நீலம் பாரித்துத் தேய்ந்திருந்தது. பேரிங்கோடு முடிந்திருக்க வேண்டிய செலவு, பழைய இரும்புக் கடையில் அச்சு தேடும் அளவுக்குப் போனது.

வேலையை மெக்கானிக்கிடம் கொடுத்தாலும் பக்கத்தில் நின்று பாருங்கள். 800-ல் பிரேக் டிரம்முக்குள்ளேயே இரண்டு பேரிங்குகளும், நடுவே ஒரு இடைக்குழாயும் இருக்கும். நடு மூடியை எடுத்து, காட்டர் பின்னை உருவி, நட்டைக் கழற்றினால் டிரம் வந்துவிடும். உள்ளே இருக்கும் கரும்தூசியை வாயால் ஊதவோ காற்றடிக்கவோ விடாதீர்கள். பழைய பிரேக் ஷூக்களில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

பெரும்பாலும் வேலை கெடுவது புதுப் பேரிங்கை ஏற்றும்போதுதான். டிரம்முக்குள் ஏற்றும்போது அடி வெளிவளையத்தில் மட்டும் விழ வேண்டும். உள்வளையத்தில் சுத்தியல் விழுந்தால் குண்டுகள் வழியாக அதிர்ச்சி பாய்ந்து, பாதையில் பள்ளம் விழும். புதுப் பேரிங்கே சில நாளில் இரைய ஆரம்பிக்கும். அப்போது கடைக்காரரைத் திட்டுவோம். கழற்றிய பழைய பேரிங்கின் வெளிவளையத்தைத் தாங்கலாக வைத்து, சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்கினால் இந்தத் தொல்லை இல்லை. இடைக்குழாயை மறக்காமல் வைக்கச் சொல்லுங்கள்.

கிரீஸை அள்ளி அப்ப வேண்டாம். குண்டுகளுக்குள் நன்றாக ஏறட்டும், நடுவில் உள்ள இடத்தில் பாதிக்குக் குறைவாக இருக்கட்டும். மிஞ்சினால் சூட்டில் உருகி பிரேக்கில்தான் வழியும். இருபக்கமும் மூடி வரும் பேரிங்குக்கு உள்ளே கிரீஸ் வேண்டியதில்லை. ஆயில் சீலும் காட்டர் பின்னும் புதிதாக இருக்க வேண்டும். காட்டர் பின்னுக்குப் பதிலாக ஆணியை வளைத்துச் சொருகும் வழக்கத்தை நம் ஊர்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். சக்கரம் கழலாமல் காப்பது அந்தச் சிறு கம்பிதான். நட்டை டார்க் ரென்ச் வைத்து, கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்க வேண்டும்.

கெட்ட பக்கத்தில் இரண்டு பேரிங்குகளையும் மாற்றுங்கள். மறுபக்கத்தைத் திறந்து பார்த்து, நன்றாக இருந்தால் விட்டுவிடலாம். போலிப் பேரிங் ஏராளமாகப் புழங்குவதால் பில் இல்லாமல் வாங்காதீர்கள். பழைய பேரிங்கில் பொறித்த எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிரேக்கைச் சரிபார்த்து, முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை மறுபடி முறுக்குங்கள்.

இது ஏன் வந்தது என்றும் யோசியுங்கள். பின்சீட்டைக் கழற்றிவிட்டு எத்தனை மூட்டை ஏற்றுகிறீர்கள்? நாலு பேர் போகச் செய்த கார் அது. வாய்க்கால் தண்ணீரில் இறக்குவதும், சர்வீஸில் சக்கர நடுவில் அழுத்தத் தண்ணீர் அடிப்பதும் சீலைத் தாண்டி உள்ளே போகும். கிரீஸ் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆம்னி வைத்திருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். அதில் இன்ஜின் பின்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பேரிங் ஆக்ஸில் ஷாஃப்ட்டிலேயே அழுத்தி ஏற்றப்பட்டிருக்கும், பிரஸ் உள்ள பட்டறையில்தான் மாற்ற முடியும்.

"டிராக்டர் டிரெய்லரின் சக்கர நட்டையும் இப்படி இறுக்கமாக முறுக்கலாமா?"
- வாசகர், பழனி.

கூடாது. டிரெய்லர்களில் பெரும்பாலும் கூம்பு வடிவ உருளைப் பேரிங்குகள் இருக்கும். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை முறுக்கி, சக்கரம் கனக்க ஆரம்பித்ததும் சற்றுத் தளர்த்தி, தாராளமாகச் சுற்றும் நிலையில் பின் போட வேண்டும். கரும்பு ஏற்றும் பருவத்துக்கு முன்பு ஒருமுறை பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, புது கிரீஸ் வையுங்கள். சக்கரம் தண்ணீரில் முழுகியிருந்தால் பருவத்துக்காகக் காத்திருக்காமல் அந்த வாரமே திறந்துவிடுங்கள்.