நம்ம ஊர் வேராவை யார் எழுதுவார்?

ஆன் க்ளீவ்ஸ் எழுதும் வேரா ஸ்டான்ஹோப் நாவல்களைப் படித்திருக்கிறீர்களா? முதல் புத்தகம் 'தி க்ரோ ட்ராப்', 1999-ல் வந்தது. வேரா ஐம்பதுகளில் இருக்கும் இங்கிலாந்துப் போலீஸ் அதிகாரி. கல்யாணம் ஆகவில்லை. பருத்த உடம்பு, ஏனோதானோவென்று உடுப்பு. யாரோ அத்தை என்று நினைத்து எல்லோரும் மனம்விட்டுப் பேசிவிடுவார்கள். அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள் :-)

இப்போது நம்ம பக்கம் வருவோம். சங்கர்லால், கணேஷ்-வசந்த், விவேக், பரத்-சுசீலா, நரேந்திரன்-வைஜயந்தி... பெண்கள் இல்லாமல் இல்லை. ஆனால் இளமை கட்டாயம், பக்கத்தில் ஒரு ஹீரோவும் கட்டாயம். ஐம்பது வயதுப் பெண்மணிக்கு நம் கதைகளில் கிடைப்பது, பிணத்தைப் பார்த்து 'வீல்' என்று அலறும் வேலைதான்!

பிழைக்க வந்த இந்தப் பெங்களூரை வைத்து ஆங்கிலத்தில் எழுதுபவர்களும் விதிவிலக்கில்லை. அனிதா நாயரின் இன்ஸ்பெக்டர் கௌடா (2012) ஐம்பதை நெருங்கும் ஆண். ஹரிணி நாகேந்திராவின் காவேரி (2022) 1921-ல் வாழும் இளம்பெண், போலீஸும் இல்லை.

நிஜத்தில் ஆளில்லையா? தமிழ்நாட்டில் 1973-லேயே பெண்கள் போலீசில் சேர்ந்துவிட்டார்கள். 1992-ல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. 2010-ல் லத்திகா சரண் டிஜிபி ஆனார். கர்நாடகத்தில் 2017-ல் நீலமணி ராஜு.

வயதான பெண் துப்பறிந்தால் நம்பும்படி இருக்குமா என்பவர்கள் எந்த வங்கிக் கிளைக்காவது வந்து பாருங்கள். போலிக் கையெழுத்தோடு செக் கொண்டுவருபவன் இளவட்ட ஆபீசரைக் கண்டால் உஷாராகிவிடுவான். ரிட்டயர்மென்டுக்கு இரண்டு வருஷம் இருக்கும் மேடம் என்றால் அலட்சியம். மேடமோ, "உட்காருங்க சார், வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஸ்பெசிமன் கையெழுத்தைத் திரையில் திறந்திருப்பார். முப்பது வருஷம் மனிதர்களைப் பார்த்த கண். வேராவின் ஆயுதமும் அதுதானே?

வாசகர்கள் ஏற்கமாட்டார்கள் என்பதும் சாக்குதான். வேரா டிவி தொடர் 2011-லிருந்து 2025 வரை ஓடியது.

1973-ல் சேர்ந்தவர்கள் இன்று எழுபதை ஒட்டியோ தாண்டியோ இருப்பார்கள். எத்தனை வழக்கு, எத்தனை விசாரணை, எத்தனை பொய் கேட்டிருப்பார்கள்! அவர்களோடு அது போய்விடுவதற்குள் யாராவது ஒரு எழுத்தாளர் நோட்டும் பேனாவுமாக எதிரே உட்கார வேண்டும்.

அப்படி ஒரு தொடர் வந்தால் முதல் பிரதி எனக்கு. காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்!